பீர்க்கம் பந்தல்: குழியிலிருந்து கூட்டு வரை

வீட்டுத் தோட்டத்தில் இறங்குகிறவர்களில் பலர் முதல் வருடம் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆடி பிறந்ததும் விதைக்கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட பொட்டலங்களையெல்லாம் வாங்கிவந்து ஒரே நாளில் ஊன்றிவிடுகிறார்கள். புரட்டாசியில் எல்லாக் கொடியும் ஒரே வாரத்தில் காய்த்துத் தொங்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் எவ்வளவுதான் சமைக்க முடியும்? பாதிக் காய் பந்தலிலேயே முற்றிவிடும். ஐப்பசி மழையில் கொடி அழுகியதும் மறுபடி சந்தைப் பையைத் தேட வேண்டியிருக்கும்.

அடுப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இது நேராது. வாரத்துக்கு எத்தனை நாள் இந்தக் காயைச் சமைப்போம், ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை கொடி, எந்த வாரம் விதை என்று வரிசையாக யோசியுங்கள். இந்த அத்தியாயத்தில் பீர்க்கை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விதையிலிருந்து இலை வரை அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். இங்கே இலை என்றது சாப்பாட்டு இலையை.

ஏன் பீர்க்கை? வீட்டுத் தோட்டத்தின் பயன் இந்தக் காயில் தெரிகிற அளவுக்கு வேறு எதிலும் தெரியாது. பூசணி மாதக்கணக்கில் காத்திருக்கும். கத்தரி இரண்டு நாள் பொறுக்கும். பீர்க்கையோ பறித்த மறுநாளே துவளத் தொடங்கிவிடும். கொஞ்சம் முற்றினால் உள்ளே நார் ஓடிவிடும். காலையில் பறித்து அன்று மதியமே கூட்டு வைத்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதன் இனிப்பு தெரியும். இன்னொன்று, தோல். மருந்து தெளித்த காயின் தோலைத் துவையல் அரைக்க மனம் தயங்கும். நம் பந்தலில் காய்த்ததில் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

எத்தனை கொடி, எந்த வாரம்

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைக் கூட்டுக்கு அரைக் கிலோ பீர்க்கங்காய் வேண்டும். நடுத்தரமான காயாக இருந்தால் இரண்டு. வாரம் இரண்டு முறை சமைத்தால் நான்கு காய். நல்ல காய்ப்பில் ஒரு கொடி வாரத்துக்கு இரண்டு காய் தரும். எனவே ஒரு நேரத்தில் இரண்டு கொடி காய்ப்பில் இருந்தால் போதும். ஆடி முதல் வாரத்தில் இரண்டு கொடியும் ஆடிக் கடைசியில் இரண்டு கொடியும் வருமாறு விதையுங்கள். முதல் ஜோடி தளரும்போது அடுத்தது கை கொடுக்கும். ஆடியில் ஊன்றியது ஏறக்குறைய ஐம்பத்தைந்து, அறுபது நாளில், அதாவது புரட்டாசிப் பிறப்பை ஒட்டி, முதல் காயைத் தரும். தைப்பட்டத்திலும் பீர்க்கை வரும். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் விட ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

விதைக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகமும் நம் மண்ணில் நன்றாக வருபவை. கோ 2 காய் மிக நீளமாக இருக்கும். பந்தல் உயரமாக இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள். ஊரில் யாராவது பாட்டி வீட்டு நாட்டு விதை கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டாம்.

குழி அல்லது பை

தரையில் வைப்பவர்கள் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை மூடி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆறப்போடுங்கள். உரம் மக்காமல் பச்சையாக இருந்தால் அந்தச் சூட்டில் முளை வாடிவிடும். கையில் அள்ளினால் சாண வாடை போய் மண்வாசனை வர வேண்டும். அதுதான் மக்கியதற்கு அடையாளம்.

மாடியில் வைப்பவர்களுக்கு அகலமும் உயரமும் 15 அங்குலத்துக்குக் குறையாத பை வேண்டும். ஒரு பைக்கு ஒரு கொடிதான். இந்த அளவுப் பை நாற்பது லிட்டருக்கு மேல் கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் ஒரு பை அறுபது கிலோவைத் தாண்டிவிடும். அதனால் செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்து கொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் அதிலுள்ள உப்பு போய்விடும். பைகளை மாடியின் நடுவில் வைக்காமல் சுவரும் உத்திரமும் தாங்குகிற ஓரங்களில் வையுங்கள்.

பீர்க்கை விதையின் தோல் கடினமானது. முதல் நாள் இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் குழிக்கு மூன்று விதை, விரல் கணு ஒன்றின் ஆழத்தில் ஊன்றிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் முளை தலை காட்டும். இரண்டு வாரம் கழித்துத் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரியால் அடியோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசைந்துவிடும்.

இந்தப் பருவத்தில் வரும் பகை, ஆரஞ்சு நிறத்து வண்டு. விதையிலையைச் சல்லடையாக்கிவிடும். விடியற்காலையில் அது சோம்பிக் கிடக்கும். அப்போது கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். பனி ஈரம் காய்வதற்குள் இலைமேல் விறகுச் சாம்பலைத் தூவினாலும் வண்டு அண்டாது.

பந்தல்

பத்துக்குப் பத்தடி இடம் இருந்தால் மூலைக்கு ஒரு கொடியாக நான்கு கொடி ஏற்றலாம். ஏழரை அடிச் சவுக்குக் கம்பு நான்கை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டால் தரைக்கு மேல் ஆறடி கிடைக்கும். மேலே கட்டுக்கம்பியை நெடுக்கும் குறுக்கும் இழுத்து, கட்டங்களில் கயிறு பின்னிவிடுங்கள். பீர்க்கை தொங்கிக்கொண்டு வளர வேண்டிய காய். தரையிலோ கிளையிலோ படிந்தால் வளைந்து, படிந்த பக்கம் அழுகிவிடும்.

கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளை நகத்தால் கிள்ளிவிடுங்கள். பந்தலில் ஏறி ஓரடி படர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பீர்க்கையின் பெண்பூக்கள் பக்கக் கிளைகளில்தான் அதிகம் வருகின்றன. நுனியைக் கிள்ள மனசு வராமல் விட்டவர்களின் கொடி நீளமாக ஓடும், காய் குறையும்.

உரத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு வருடம் கொடி செழிக்கட்டும் என்று வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். இலை தாமரை இலை போலக் கருகருவென்று விரிந்தது. ஆண்பூ கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. பெண்பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையிலேயே நின்றுவிடும். அதன்பிறகு கொடி ஏறும்போது ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, குழிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் ஒரு பிடி சாம்பல் என்று நிறுத்திக்கொண்டேன். கொடி காய்க்கத் தொடங்கிவிட்டது.

மாலை ஆறு மணிப் பூ

பீர்க்கம்பூ மாலையில் மலர்வது. வெயில் தாழ்ந்து ஐந்தரை ஆறு மணிக்குப் பந்தலடியில் நின்று பாருங்கள். பகலெல்லாம் பச்சைக் கூம்பாக இருந்த மொட்டு மெல்ல நெகிழ்ந்து, கசங்கிய பட்டுத்துணியைப் பிரித்தாற்போல மஞ்சள் இதழ் ஐந்தும் விரியும். கொஞ்ச நேரத்தில் அந்திப்பூச்சிகள் வந்து சுற்றும். மறுநாள் காலையில் பார்த்தால் பூ வாடிக் கிடக்கும். காலை மட்டும் தோட்டத்தைப் பார்க்கிறவர்கள், "பூவெல்லாம் வாடி வாடி உதிருதே" என்று கவலைப்படுவதற்கு இதுதான் காரணம்.

முதலில் வருபவை ஆண்பூக்கள். ஒரே காம்பில் கொத்தாக வந்து ஒவ்வொன்றாக மலர்ந்து உதிரும். அது இயல்பு. ஒன்றிரண்டு வாரத்தில் பெண்பூ வரும். இதழுக்குப் பின்னால் வரி விழுந்த குட்டிப் பீர்க்கங்காய் ஒன்று ஒட்டியிருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். அந்தப் பிஞ்சு சுண்டுவிரல் அளவில் மஞ்சளித்து உதிர்ந்தால், மகரந்தம் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்து மாடிகளில் பூச்சி வரத்து குறைவு. அங்கே நாமே சேர்க்க வேண்டும். அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் களைந்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் சூல்முடியில் மூன்று பக்கமும் படுமாறு மெல்லத் தொட்டு எடுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். மாலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் செய்யுங்கள். பூ வைத்த நாளிலிருந்து தண்ணீரைச் சீராக விடுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டினால் பிஞ்சு உதிரும்.

பழ ஈ

பிஞ்சின் மேல் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் துளி. இது பழ ஈ முட்டையிட்ட இடம். உள்ளே புழு குடைந்து காய் வளைந்து மஞ்சளாகும். குடைந்து முடித்த புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வெளியே வரும். அதனால் சொத்தைக் காயைப் பந்தலடியிலோ உரக்குழியிலோ போடவே கூடாது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் வெயிலில் போட்டபிறகு அப்புறப்படுத்துங்கள்.

நான் நம்புகிற காப்பு, காகிதக் குழல். பெண்பூ வாடிய மறுநாளே செய்தித்தாளை நீளக் குழலாகச் சுருட்டிப் பிஞ்சை உள்ளே விட்டு, மேலே காம்போடு நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். அதிகம் குத்து வாங்குவது முதல் சில நாள் பிஞ்சுதான். பழைய தண்ணீர்ப் புட்டியில் ஈ நுழையும் அளவு ஓட்டை போட்டு, நனைத்த கருவாட்டுத் தூள் ஒரு தேக்கரண்டி வைத்துப் பந்தலுக்குச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டாலும் ஈக்கள் வாசனைக்கு வந்து சிக்கும்.

பறிக்கும் நாள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வீர்களானால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். பூ மலர்ந்த ஆறாம் ஏழாம் நாள் பீர்க்கங்காய் சமையலுக்குத் தயார். பத்தாம் நாள் அது இன்னும் பெரிதாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளே நார் ஓடியிருக்கும். "இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்று விட்டால் நல்ல காய் கெட்டுப்போகும். முற்றிய காய் கொடியிலேயே தொங்கினால் கொடியும் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

என் அம்மா அளவு பார்த்துப் பறித்ததில்லை. காயைக் கையில் ஏந்தி, வரியின் முனையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துவார். நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால்தான் பறிப்பார். "நகம் வழுக்குச்சுன்னா அது குளிக்கிறதுக்குத்தான் ஆகும்" என்பார். நாரைத்தான் சொல்கிறார். இன்னொரு சோதனையும் உண்டு. நுனியை லேசாக வளைத்துப் பாருங்கள். பிஞ்சு சட்டென்று ஒடியப் பார்க்கும், முற்றல் ரப்பர் போல் மடங்கும்.

காலை எட்டு மணிக்குள், ஓரங்குலக் காம்போடு கத்தரியால் வெட்டுங்கள். முறுக்கி இழுத்தால் பக்கத்துப் பிஞ்சும் உதிரும். காய்ப்பு தொடங்கியபின் இரண்டு நாளுக்கு ஒருமுறை பந்தலடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பச்சை இலைக்குள் பச்சைக் காய் ஒளிந்துகொள்ளும்.

அடுப்படியில்

நறுக்கும் முன் ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு அந்தக் காயை முழுதாக எறிந்துவிடுங்கள். பீர்க்கை, சுரை போன்ற கொடிக்காய்களில் அபூர்வமாக வரும் அந்தக் கசப்பு நஞ்சு. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வேகவைத்தாலும் போகாது. வீட்டில் காய்த்ததாயிற்றே என்று இரக்கம் பார்க்க வேண்டாம்.

*பீர்க்கங்காய்க் கூட்டு.* கால் கப் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, முக்கால் கப் தண்ணீரில் மலர வேகவையுங்கள். குழையக் கூடாது. இரண்டு காயைத் தோல் சீவி (தோலை எறியாதீர்கள்), பெரிய துண்டுகளாக நறுக்கிப் பருப்பின் மேல் போட்டு, மஞ்சள் தூள் தூவி மூடுங்கள். தண்ணீர் விட வேண்டாம். புதிதாகப் பறித்த பீர்க்கங்காய் தன் தண்ணீரிலேயே வேகும். ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்தால் பாத்திரம் நிறைய இருந்த காய் பாதியாய் வற்றியிருக்கும். உப்பை அப்போது போடுங்கள். முதலிலேயே குவியலைப் பார்த்துப் போட்டால் கரித்துவிடும். அரை மூடிக்கும் குறைவான தேங்காய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி. தேங்காய் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, நான்கு சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். காய்ப்புக் காலத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே செய்யுங்கள். தட்டில் மிஞ்சாது.

*தோல் துவையல்.* சீவும்போது வரிகளின் கூர்மையான விளிம்பு நாராக இருந்தால் அதை மட்டும் முதலில் தனியாகச் சீவி எறிந்துவிடுங்கள். மீதித் தோலைப் பொடியாக நறுக்கினால் ஒன்றரைக் கப் வரும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, நான்கு வரமிளகாய், ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தைச் சிவக்க வறுத்து எடுத்துக்கொண்டு, அதே எண்ணெயில் தோலை வதக்குங்கள். பொறுமை வேண்டிய இடம் இது. பச்சைவாடை போய், கரும்பச்சையாய்ச் சுருண்டு, வாணலியில் ஈரம் இல்லாமல் போக ஏழெட்டு நிமிடம் ஆகும். சின்ன நெல்லிக்காய் அளவு புளியும் இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவலும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்குங்கள். ஆறியதும் முதலில் பருப்பையும் மிளகாயையும் ஒரு சுற்று, பிறகு மற்றதை உப்போடு, தண்ணீர் விடாமல் கொரகொரவென்று அரைத்தெடுங்கள். சுடுசோறு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், இந்தத் துவையல். அன்றைக்குக் குழம்பே தேவைப்படாது.

*காய் மிஞ்சும் வாரத்துக்கு.* வட்டமாக நறுக்கிக் கடலைமாவில் தோய்த்தால் பஜ்ஜி. வேகவைத்த துவரம்பருப்போடு பூண்டும் மிளகாயும் சேர்த்துக் கடைந்தால் கடைசல். கொஞ்சம் முற்றிய காயைத் தள்ளிவிட வேண்டாம். தோலையும் நடு விதைப்பகுதியையும் எடுத்துவிட்டுச் சதையைப் புளி, மிளகாய், வெங்காயத்தோடு வதக்கி அரைத்தால், குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் நிற்கிற சட்னி கிடைக்கும்.

விதைக்கு ஒரு காய்

கொடி நன்றாகக் காய்க்கும்போதே, கசப்பில்லாத, திடமான கொடியில் ஒரு பெண்மொட்டைத் தேர்ந்தெடுங்கள். கடைசி வாரக் காய் இதற்கு ஆகாது. அக்கம்பக்கத்தில் நுரைப்பீர்க்கை இருந்தால் இரண்டும் கலந்துவிடும். ஆகவே மலரப்போகும் பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் முதல் நாளே நூலால் கட்டி வைத்து, மறுநாள் மாலை அவிழ்த்துக் கையால் மகரந்தம் சேர்த்து, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் சிவப்பு நூல் ஒன்றையும் கட்டுங்கள். வீட்டில் யாராவது பறித்துக் கூட்டு வைத்துவிடாமல் இருக்க அது உதவும்.

அந்தக் காய் கொடியிலேயே பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்வரை விட்டுவிடுங்கள். மழை வலுத்தால் பழுத்த காயை மட்டும் பறித்து அடுப்படி உத்திரத்தில் தொங்கவிடலாம். நுனி மூடியைத் திறந்து கவிழ்த்தால் கறுத்த விதைகள் கொட்டும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சாம்பல் புரட்டி, கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகமும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். நான்கைந்து பேருக்குக் கொடுக்குமளவு விதை ஒரு காயிலேயே இருக்கும். கொடுங்கள். ஒரு வருடம் உங்கள் கொடி பட்டுப்போனால் விதை திரும்பி வருவதற்கு ஒரு வீடு இருக்கும்.

விதை கொட்டிய கூட்டைத் தோல் உரித்துத் தண்ணீரில் அலசினால் வெண்ணிற நார்ப்பின்னல் மிஞ்சும். அதை இரண்டாக வெட்டி, ஒன்றைக் குளியலறைக்கும் ஒன்றைப் பாத்திரம் துலக்கும் மேடைக்கும் கொடுத்துவிடுங்கள். கூட்டு வைத்த பாத்திரத்தை அதைக் கொண்டே தேய்க்கலாம். பிறகு நாட்காட்டியில் அடுத்த ஆடி முதல் வாரத்தின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்: பீர்க்கை, இரண்டு குழி.